சாரையா, நாகமா?

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது பழமொழி. படையே நடுங்குமெனில், கிணற்றடிக்குச் செல்லும் தாய்மாரின் நடுக்கத்தைக் கூறவும் வேண்டுமோ? வேலியோரம் நீண்டதொன்று நெளியக் கண்டால் முதலில் எழுவது கூக்குரல். அடுத்து எழுவது பொல்லு. பலகாலும் அடிபட்டு மடிவது நஞ்சே இல்லாத சாரைப்பாம்பு.

சாரையின் முதன்மையான இரைகளுள் எலியும் ஒன்று. எலி நெல்லைத் தின்பதோடு நோயையும் பரப்புவது. 2024 டிசெம்பரில் குடாநாட்டில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் கவர்ந்ததை நாம் மறத்தலாகாது. எனவே சாரையைக் கொல்வது நமக்கு நாமே செய்யும் தீங்காகும். ஆயினும், “சாரைதானே” என்று நாகத்தை நெருங்குதல் அதனினும் பெருங்கேடு. ஆகவே இரண்டையும் பிரித்தறியக் கற்றல் வேண்டும்.

முதிர்ந்த சாரை ஆறேழு அடி வரை நீளும். நிறம் மஞ்சள் முதல் கருங்கபிலம் வரை வேறுபடும். ஆதலின் நிறத்தை நம்புதல் கூடாது. கழுத்து ஒடுங்கியும் தலை அதனின்று பிரிந்தும் தோன்றும். கண்கள் பெரியவை. உதட்டுச் செதில்களுக்கிடையே கறுப்புக் கோடுகள் உண்டு. உடலின் பின்பாதியிலும் வாலிலும் கறுப்புக் குறுக்குவரிகள் காணப்படும். சினந்தால் கழுத்தை மேல்கீழாகப் புடைத்து உறுமும். நாகமோ கழுத்தைப் பக்கவாட்டில் படமாக விரிக்கும். ஆனால் நாகம் எப்போதும் படமெடுப்பதில்லை; படம் காணாமையால் மட்டும் சாரையென்று துணிதல் தவறு.

குட்டியை அறிவது இன்னும் கடினம். முட்டையினின்று வெளிவருகையில் சாரைக்குட்டி ஓரடிக்குச் சற்று மேற்பட்ட நீளமே உடையது. அதன் முன்பாதியில் வெளிறிய குறுக்குவரிகள் இருக்கும். வளர வளர அவை மறையும். இவ்வரிகளைக் கண்டு கட்டுவிரியன் என மயங்குவோர் உளர். கட்டுவிரியனோ பளபளக்கும் கருமேனியும் சிறு கண்களும் உடையது. அதன் வெண்வரிகள் பெரும்பாலும் பின்புறத்திலேயே தெளிவாகத் தெரியும். அது இரவில் உலாவுவது. சாரை பகலில் இரைதேடுவது. நாகக்குட்டி பிறந்த அன்றே படமெடுக்கும். நஞ்சும் உடையது என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க.

சாரையும் நாகமும் பிணையும் என்பது நம்மவரிடையே வழங்கும் நம்பிக்கை. அவை வெவ்வேறு இனங்கள். பிணைந்து நிமிர்ந்து நிற்பவை பெரும்பாலும் தம்முள் வலிமை காட்டும் இரு ஆண் சாரைகளே.

ஐயம் எழுந்தால் விலகி நிற்றலே அறிவு. பிள்ளைகளை அப்பால் அழைத்துக்கொண்டு, பாம்பு போக வழிவிடுதல் வேண்டும். எவரையேனும் பாம்பு தீண்டினால் கடிவாயைக் கீறுதலும் இறுகக் கட்டுதலும் வேண்டா. கடிபட்ட உறுப்பை அசைக்காது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுவருவதிற் கழியும் நேரம், உயிர் காக்க வேண்டிய நேரமாகும்.