தனியே விட்டால் ஊளையிடும் ராஜபாளையம் குட்டி... பழக்குவது எப்படி?

கேள்வி: இரண்டு மாத ராஜபாளையம் குட்டி ஒன்று வாங்கி வந்திருக்கிறோம். காலையில் எல்லோரும் தோப்பு வேலைக்குப் போய்விடுவதால், தொழுவத்தில் கட்டிவிட்டுப் போகிறோம். திரும்பும்வரை ஊளையிடுகிறது, கயிற்றைக் கடிக்கிறது. அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருகிறார்கள். அதட்டியும் அடங்கவில்லை. பழக்க முடியுமா, திருப்பிக் கொடுத்துவிடலாமா?
- வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர் அருகில்.

பதில்: திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. பழக்கிவிடலாம். ஆனால், அடியும் அதட்டலும் வேண்டாம். குட்டி ஊளையிடுவது அடங்காத்தனத்தால் அல்ல, பயத்தால். நேற்றுவரை தாயின் மடியிலும் உடன்பிறந்த குட்டிகளின் சூட்டிலும் தூங்கியது, இன்று தனியே கட்டிக் கிடக்கிறது. அந்த நேரத்தில் அடி விழுந்தால், தனிமையோடு மனிதர்களையும் சேர்த்துப் பயப்படும். பயத்தில் வளரும் நாய்தான் பின்னாளில் கடிக்கும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் சொல்வதும் குட்டியின் நலனுக்காகத்தான்.

புதுக் காளையை முதல் நாளே பாரம் ஏற்றிய வண்டியில் யாரும் பூட்டுவதில்லை. நுகத்தடியை வைத்து, எடுத்து, வெறும் வண்டியில் நடத்தி, பிறகுதான் பாரம் ஏற்றுவார்கள். தனிமையையும் அப்படித்தான் பழக்க வேண்டும்.

முதல் சில இரவுகள் குட்டியைத் தொழுவத்தில் விடாமல், வீட்டார் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுக்க வையுங்கள். தாய் நாய் படுத்திருந்த துணியில் ஒரு துண்டு கிடைத்தால் உடன் போடுங்கள். அந்த வாசனை ஆறுதல் தரும்.

பகலில், குட்டி விளையாடி, சாப்பிட்டு, வெளிக்குப் போய்வந்த பிறகு ஒரு நிமிடம் மட்டும் கண்ணில் படாமல் இருங்கள். அது கத்தத் தொடங்கும் முன்பே திரும்பி வாருங்கள். அடுத்து இரண்டு நிமிடம், ஐந்து, பத்து, அரை மணி என்று இரண்டு மூன்று வாரங்களில் நேரத்தைக் கூட்டுங்கள். ஒரு கட்டத்தில் கத்தினால், முந்தைய கட்டத்துக்குத் திரும்புங்கள். கிளம்பும்போது கொஞ்சலும் வேண்டாம். திரும்பியதும் ஆர்ப்பாட்டமும் வேண்டாம்.

தூக்குவாளியையும் மண்வெட்டியையும் எடுத்தாலே ஆள் போகப்போகிறது என்று குட்டிக்குத் தெரிந்துவிடும். வேலைக்குப் போகாத நேரத்திலும் அவற்றைச் சும்மா எடுத்து வைத்தால் அந்தப் பதற்றம் குறையும். கிளம்பும்போது, ஓரம் தேய்த்த தேங்காய்ச் சிரட்டையில் கொஞ்சம் தயிர்ச்சோற்றை அப்பிக் கொடுங்கள். நக்கி முடிக்கும்வரை கவனம் அதில் இருக்கும். வேகவைத்த எலும்பு கொடுக்காதீர்கள். சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

ராஜபாளையம் இனத்தில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது காது. வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இந்த இனத்தில் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நிறமி செல்கள் உட்காதில் இல்லாமல் போவதே இதற்குக் காரணம். குட்டி வேறு பக்கம் பார்க்கும்போது, பின்னால் சற்றுத் தள்ளி நின்று கை தட்டிப் பாருங்கள். காற்றோ தரை அதிர்வோ படக் கூடாது. பல முறை தட்டியும் திரும்பாவிட்டால், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காது கேளாத குட்டிக்கு ஆள் போனது தெரியாது. விழித்துப் பார்த்து யாருமில்லை என்றால் மிரண்டுவிடும். எனவே, தூங்கும்போது விட்டுப் போகாமல், மெல்லத் தொட்டு எழுப்பி, கையால் ஒரே மாதிரி சைகை காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

இரண்டு மாதக் குட்டியால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான் சிறுநீரை அடக்க முடியும். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை தீனியும் வேண்டும். அதனால், முதல் மாதம் வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து பார்ப்பதுதான் சரி. வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால் அதுவே பாதி மருந்து. கட்டிப்போடாமல், நிழலான ஒரு மூலையைத் தட்டியால் அடைத்து, மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள்.

'தோப்பிலேயே காவலுக்குக் கட்டிவிடலாம்' என்று நினைக்க வேண்டாம். மலையடிவாரத் தோப்புகளில் சிறுத்தை நடமாட்டம் இருக்கலாம். 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் பக்கத்திலேயே இருக்கிறது. இரவில் கட்டிக் கிடக்கும் குட்டி, சிறுத்தைக்கு எளிய இரை. தடுப்பூசி முடியும்வரை, தெருநாய்கள் நடமாடும் இடத்தில் தரையில் விடுவதும் ஆபத்து. பார்வோ கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும்.

கத்துவதோடு தீனி எடுக்காமை, வாந்தி, ரத்தக் கழிச்சல் இருந்தால் அது தனிமைப் பயம் அல்ல, நோய். அன்றே மருத்துவரிடம் போங்கள். மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்த ஊசி, அதன்பின் ஆண்டுதோறும் ஓர் ஊசி என்பதை மறக்காதீர்கள்.

அக்கம்பக்கத்தாரிடம் 'மூன்று வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லி, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையும் குட்டியோடு பழக விடுங்கள். வேற்றாளை எளிதில் நம்பாத இனம் இது. சிறு வயதில் நாலு பேரிடம் பழகினால்தான், வளர்ந்த பிறகு காவலும் காக்கும். ஊராருக்கும் தொந்தரவு தராது.