ஓசிச் சாப்பாடு சரி, பில்லு யார் கட்டுறது?

பொட்டி தட்டுகிற மக்கள் அடிக்கடி பார்க்கும் ஒரு வரி உண்டு. புதிதாக ஒரு வெப்சைட் ப்ராஜெக்ட் தொடங்கும்போது டெர்மினலில் 'என்பிஎம் இன்ஸ்டால்' என்று அடிப்பார்கள். கேட்டது என்னவோ பத்துப் பதினைந்து பேக்கேஜ்தான். ஆனால் அதற்குத் தேவையானது, அந்தத் தேவைக்குத் தேவையானது என்று நூற்றுக்கணக்கில் வந்து இறங்கும். சில நேரம் ஆயிரத்தைத் தாண்டும். எல்லாம் முடிந்ததும் திரையில் ஒரு வரி வரும்: இத்தனை பேக்கேஜ்கள் நிதி தேடுகின்றன, விவரத்துக்கு 'என்பிஎம் ஃபண்ட்' என்று அடியுங்கள்.

அப்படி அடித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம். டெவலப்பரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. சாயங்காலம் டெமோ காட்ட வேண்டும், பிடுங்க வேண்டிய ஆணிகள் வரிசை கட்டி நிற்கின்றன :-) அப்படியே அடித்துப் பார்த்தாலும் கம்பெனியின் கிரெடிட் கார்டு அவர் கையில் இல்லை. கேள்வி கேட்க வேண்டியது அந்தக் கார்டை வைத்திருப்பவரை.

சரி, மேட்டர் இதுதான். இணையத்தை வைத்துத் தொழில் செய்யும் கம்பெனிகள், யாரோ சம்பளம் இல்லாமல் எழுதிய மென்பொருளின் மேல் உட்கார்ந்து லாபம் பார்க்கின்றன. அதைப் பராமரிக்க ஆகும் செலவை மட்டும் கணக்கில் எழுதுவதே இல்லை. எழுதாததால் அந்தச் செலவு காணாமல் போய்விடவும் இல்லை. ஒரு பகுதியை அதை எழுதியவர் தன் உடம்பால் கட்டுகிறார். இன்னொரு பகுதியை ராத்திரி இரண்டு மணிக்கு சர்வரோடு மல்லுக்கட்டும் டெவலப்பர் கட்டுகிறார்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று தோன்றலாம். வேலை நிறையவே இருக்கிறது. முதலில் நடந்த கதைகளைப் பாருங்கள்.

2016 மார்ச் 22. 'லெஃப்ட்-பேட்' என்று ஒரு பேக்கேஜ். மொத்தமே 11 வரி. ஒரு சொல்லுக்கு இடது பக்கம் இடைவெளியோ பூஜ்ஜியமோ சேர்க்கும், அவ்வளவுதான் அதன் வேலை. அதை எழுதியவருக்கும் 'கிக்' என்ற கம்பெனிக்கும் வேறொரு பேக்கேஜின் பெயரை வைத்துத் தகராறு. என்பிஎம் அந்தப் பெயரைக் கம்பெனிக்கே கொடுத்துவிட்டது. கடுப்பான மனிதர் தன்னுடைய 250-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்களையும் அங்கிருந்து எடுத்துவிட்டார். அவ்வளவுதான்..... பேபல், ரியாக்ட் போன்றவற்றை நம்பியிருந்த ப்ராஜெக்ட்டுகள் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் படுத்துக்கொண்டன. சில மணி நேரத்தில் என்பிஎம் அந்த 11 வரியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தது. அதுவரை எத்தனை டெவலப்பர்கள் தன் கோடில்தான் தப்பு என்று நினைத்துத் தலையைப் பிய்த்துக்கொண்டார்களோ!

இது வெறும் இடைஞ்சல். அதற்கு 2 வருடம் முன்னால் நடந்தது ஆபத்து. 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. ஓட்டை இருந்த இடம் ஓப்பன்எஸ்எஸ்எல். பிரவுசரில் பூட்டுப் படம் தெரிகிறதே, அதற்குப் பின்னால் பல சர்வர்களில் ஓடுவது இந்த மென்பொருள்தான். கடவுச்சொற்கள், ரகசியச் சாவிகள் எல்லாம் கசியக்கூடிய நிலை. ஓட்டை விழுந்தது 2012-ல், கண்டுபிடித்தது 2 வருடம் கழித்து. உலக வியாபாரமே நம்பியிருந்த அந்த மென்பொருளுக்கு அப்போது நன்கொடையாக வந்து கொண்டிருந்தது வருடத்துக்குச் சுமார் 2,000 டாலர். முழு நேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். பெரிய கம்பெனிகளின் பார்ட்டிச் செலவில் பாதி கூட வராத தொகை இது.

2021 டிசம்பரில் லாக்4ஜே. ஜாவாவில் பதிவேடு எழுதும் சின்ன நூலகம். அதில் வந்த ஓட்டைக்கு அபாய அளவு பத்துக்குப் பத்து. பராமரித்தவர்கள் தன்னார்வலர்கள். ஊரெல்லாம் விடுமுறைக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் ராப்பகலாக உட்கார்ந்து ஓட்டையை அடைத்தார்கள். போனஸாகக் கிடைத்தது வசவு!

எல்லாவற்றையும் விட எக்ஸ்இஸட் கதைதான் வயிற்றைக் கலக்குகிறது. லினக்ஸ் இருக்கும் இடமெல்லாம் இருக்கும் ஒரு சுருக்கும் மென்பொருள் அது. பல வருடமாகத் தனியாளாகப் பராமரித்தவர், மனநலச் சிக்கல்களால் வேகமாக வேலை செய்ய முடியவில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார். "சீக்கிரம் முடி, முடியாவிட்டால் வேறொருவரிடம் கொடு" என்று சில பெயர்கள் அவரை நச்சரித்தன. கூடவே ஒருவர் உதவிக்கு வந்தார். இரண்டு வருடத்துக்கும் மேலாக ஒழுங்காக வேலை பார்த்து நம்பிக்கை சம்பாதித்தார். பிறகு 2024-ல் மென்பொருளுக்குள் திருட்டுக் கதவு ஒன்றை வைத்துவிட்டார். பிடிபட்டது எப்படித் தெரியுமா? மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், ஒரு லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டிப் பார்த்தார். அந்த அரை நொடியை அவர் விட்டிருந்தால், பெரும்பாலான சர்வர்களுக்குப் போய்ச் சேரும் முன்பே அது நின்றிருக்காது.

நான்கு கதைக்கும் பொதுவானது ஒன்றுதான். கோடிகள் புரளும் இடத்துக்கு அடியில் காசு வாங்காத ஒன்றிரண்டு பேர்.

இதற்கு வழக்கமாக வரும் பதில்: "அவங்களா விருப்பப்பட்டுத்தானே கொடுத்தாங்க? லைசென்ஸிலேயே இலவசம்னு இருக்கே?"

இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த லைசென்ஸை முழுசாகப் படியுங்கள். உள்ளது உள்ளபடி தருகிறோம், எந்த உத்தரவாதமும் இல்லை, எதற்கும் பொறுப்பு இல்லை என்றும் அதே காகிதத்தில் இருக்கிறது. முதல் பாதியை மட்டும் படித்துச் சந்தோஷப்படும் கம்பெனி, ஓட்டை விழுந்த மறுநாள் அந்த மனிதருக்கு "எத்தனை மணிக்குள் சரி செய்வீர்கள்?" என்று மெயில் அனுப்புகிறது. காசு கொடுக்காதவருக்கு எஸ்எல்ஏ வேண்டுமாம். என்ன கொடுமை சார் இது?

கேட்டால் மட்டும் கொடுத்துவிடுகிறார்களா? கோர்-ஜேஎஸ் என்ற நூலகத்தை எழுதியவர், அது இன்ஸ்டால் ஆகும்போது "உதவி தேவை, வேலை தேடுகிறேன்" என்று நாலு வரி வரும்படி வைத்தார். டெர்மினலில் விளம்பரமா என்று உலகம் முழுக்க இருந்து திட்டு வாங்கினார். 2022 ஜனவரியில் இன்னொருவர் வேறு வழியில் போனார். பெரிய கம்பெனிகளுக்கு இனி ஓசியில் உழைக்க மாட்டேன் என்று 2020-லேயே சொன்னவர், 'கலர்ஸ்' என்ற தன் பேக்கேஜிலேயே முடிவில்லாத சுழற்சி ஒன்றை நுழைத்துவிட்டார். அது தப்பு. அதில் மாட்டியவர்கள் பெரிய கம்பெனிகள் மட்டும் அல்ல, சின்னச் சின்ன டெவலப்பர்களும்தான். ஆனால் தப்பு என்று தீர்ப்பு எழுதியவர்களில் எத்தனை பேர் அதற்கு முன்னால் அவர் பேச்சைக் காதில் வாங்கினார்கள்?

இப்போது காமர்ஸுக்கு வாருங்கள். கட்டடம் வாங்கினால் தேய்மானம் எழுதுகிறோம். கடன்காரர் ஏமாற்றலாம் என்று சந்தேகம் வந்தால் ஐயக்கடன் ஒதுக்கு வைக்கிறோம். லாபம் கைக்கு வரும்வரை எழுதாதே, நஷ்டம் வரும் என்று தெரிந்தாலே எழுது என்பது முதல் வருடப் பாடம். ஓசி மென்பொருளுக்கு மட்டும் எந்த ஒதுக்கும் இல்லை. காரணம் விதியிலேயே இருக்கிறது. கணக்கியல் தரநிலை 29-ன்படி ஒதுக்கு வைக்க, நடந்துவிட்ட ஒன்றால் வந்த கடப்பாடு இருக்க வேண்டும். இங்கே ஒப்பந்தமே இல்லை, ஆகவே கடப்பாடும் இல்லை, ஆகவே பூஜ்ஜியம். ஆடிட்டரும் கையெழுத்துப் போட்டுவிடுவார். சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் தன் முக்கியமான சப்ளையர் யார், அவர் நாளைக்கு இருப்பாரா என்றே தெரியாமல் ஓடும் தொழிலை, ஜாக்கிரதையாக நடத்தப்படும் தொழில் என்று எந்த வாத்தியார் ஒத்துக்கொள்வார்?

முடியாத காரியம் எதையும் யாரும் கேட்கவில்லை. 2024 அக்டோபரில் பெங்களூரின் ஜெரோதா, இதற்கென்று வருடத்துக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்கும் நிதி ஒன்றை அறிவித்தது. அதே மாதம் தொடங்கிய 'ஓப்பன் சோர்ஸ் பிளெட்ஜ்' கேட்பது, கம்பெனியில் இருக்கும் ஒவ்வொரு டெவலப்பருக்கும் வருடத்துக்குக் குறைந்தது 2,000 டாலர். ஜெர்மனி அரசே 2022-ல் ஒரு நிதியம் தொடங்கியது. சின்னக் கம்பெனியால் இவ்வளவு முடியாதா? சரி. தான் நம்பியிருக்கும் பேக்கேஜ்களின் பட்டியலை எடுத்து, தனியாள் பராமரிக்கும் ஐந்துக்காவது மாதம் ஒரு சின்னத் தொகை கொடுக்கட்டும். காசு இல்லையென்றால் டெவலப்பரின் ஒரு வெள்ளிக்கிழமையைக் கொடுக்கட்டும். பிழை திருத்த, ஆவணம் எழுத ஆள் கிடைத்தாலே அங்கே பெரிய உதவி.

பி.காம் மக்களே, இந்த முடிவுகள் டெவலப்பர் மேசையில் எடுக்கப்படுவதில்லை. பட்ஜெட் போடும் மேசையில் எடுக்கப்படுகின்றன. இன்னும் சில வருடத்தில் அந்த மேசையில் உட்காரப் போவது நீங்கள்தான். காபி மெஷின் பராமரிப்பு என்று ஒரு வரி பட்ஜெட்டில் கண்டிப்பாக இருக்கும். அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் நீங்களே எழுதுங்கள்.