ரூபாய் இளைத்தால் யாருக்கு நஷ்டம்?

"டாலர் விலை ஏறினால் நமக்கென்ன? நாம் என்ன அமெரிக்காவிலா குடித்தனம் நடத்துகிறோம்?"

இப்படிக் கேட்பவர்கள் பலர். டாலர் நோட்டைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள்தான் நம் நாட்டில் பெரும்பாலோர். ஆனால் டாலர் ஏறும்போது அடி விழுவது இவர்கள் தலையில்தான்!

எப்படி?

அடுப்பங்கரையில் டாலர்

உங்கள் வீட்டு அடுப்பங்கரையைப் பாருங்கள். பாமாயில் இருக்கிறதா? பெரும்பாலும் அது இந்தோனேஷியாவிலும் மலேசியாவிலும் இருந்து வருவது. சூரியகாந்தி எண்ணெயா? ரஷ்யா, உக்ரைன் போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. துவரம்பருப்பு நம் நாட்டில் விளைவது போதாமல், ஆப்பிரிக்காவில் உள்ள மொசாம்பிக்கிலிருந்தும் வாங்குகிறோம். சமையல் காஸில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது. கச்சா எண்ணெயோ, நமக்கு வேண்டியதில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு!

இவற்றுக்கெல்லாம் பெரும்பாலும் டாலரில்தான் பணம் கொடுக்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 2022-ம் ஆண்டில் ஒரு டாலர் 80 ரூபாயைத் தாண்டியது. 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டியது. ஒரு டாலர் விலையுள்ள சரக்கு, வெளிநாட்டில் அதே விலைக்கே விற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே யாரும் விலையை ஏற்றவில்லை. ஆனால் 80 ரூபாய்க்கு வாங்கிய சரக்குக்கு இப்போது 90 ரூபாய் கொடுக்க வேண்டும்.

ஒட்டன்சத்திரத்துக் கத்தரிக்காய் டாலரைக் கண்டதில்லை. ஆனால் அது ஏறி வரும் லாரி டீசல் குடிக்கிறதே! டீசல் ஏறினால் லாரி வாடகை ஏறும். வாடகை ஏறினால் கத்தரிக்காயும் ஏறும்.

சத்தமில்லாத சரிவு

"சுதந்திரம் வந்தபோது ஒரு டாலருக்கு ஒரு ரூபாய்" என்று ஒரு பேச்சு உலாவுகிறது. அது வெறும் கட்டுக்கதை. அப்போது நம் ரூபாய் பிரிட்டிஷ் பவுனோடு பிணைக்கப்பட்டிருந்தது. அந்தக் கணக்கில் 1947-ல் ஒரு டாலர் ஏறக்குறைய 3 ரூபாய் 5 அணா. 1949-ல் பிரிட்டன் பவுனின் மதிப்பைக் குறைத்தது. நாமும் குறைத்தோம். டாலர் 4 ரூபாய் 76 காசு ஆயிற்று.

1966 ஜூன் 6-ந் தேதி அது 7 ரூபாய் 50 காசாக உயர்ந்தது. "ஏற்றுமதி பெருகும்" என்றார்கள். ஆனால் 1965, 1966 இரண்டு ஆண்டுகளிலும் மழை பொய்த்தது. எதிர்பார்த்தபடி ஏற்றுமதி பெருகவில்லை. விலைவாசிதான் ஏறியது. அப்போது காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜரே அந்த முடிவை விரும்பவில்லை.

1991-ல் அன்னியச் செலாவணி வற்றிப்போய், தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைக்கும் நிலை வந்தது. அந்த ஜூலையில் இரண்டு தடவை ரூபாய் மதிப்பைக் குறைத்தார்கள்.

அந்தக் குறைப்புகள் எல்லாம் பெரிய செய்தி. ஊரே பேசியது. ஆனால் 1993 முதல் டாலரின் விலையைச் சந்தை தீர்மானிக்கிறது. தாறுமாறாகப் போகாமல் ரிசர்வ் பாங்கு பார்த்துக்கொள்கிறது. ஆகவே இன்று 5 காசு, நாளை 10 காசு என்று சத்தமில்லாமல் இறங்குகிறது. யாரும் கவனிப்பதில்லை.

யாருக்கு லாபம்?

ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம் என்பார்கள். ரூபாய் விஷயமும் அப்படித்தான். அது இளைத்தால் சிலருக்கு லாபம் உண்டு.

துபாயிலும் சவுதியிலும் உழைப்பவர் அனுப்பும் பணம் ஊரில் கூடுதல் ரூபாயாகக் கிடைக்கும். ஆனால் அந்தக் குடும்பமும் அதே மளிகைக் கடையில்தானே சாமான் வாங்க வேண்டும்?

திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளருக்கும் லாபம்தான். ஆனால் கடல் கடந்த வியாபாரிக்கும் கணக்குத் தெரியும். "உங்கள் ரூபாய் இளைத்துவிட்டதே, விலையைக் குறையுங்கள்" என்று பேரம் பேசுவார். வெளிநாட்டு எந்திரம் வாங்கப் போனாலோ, அதற்கும் கூடுதல் ரூபாய்!

பாவம், உள்ளூருக்குப் பிளாஸ்டிக் வாளியும் குடமும் செய்து விற்கும் சிறு தொழிலாளி. மூலப்பொருளின் விலை டாலரோடு ஏறுகிறது. குடத்தின் விலையை உடனே ஏற்றினால் வாங்க ஆள் இல்லை. வித்தியாசம் அவர் கைப்பணத்திலிருந்து போகிறது.

சர்க்காருக்கும் லாபம்!

இன்னொரு லாபக்காரர் உண்டு. அவர்தான் சர்க்கார்!

இறக்குமதியாகும் சமையல் எண்ணெய்க்குச் சுங்கவரி போடுகிறார்கள். நூற்றுக்கு இத்தனை என்று கணக்கு. உதாரணமாக நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். டாலர் 80 ரூபாயாக இருந்தபோது ஒரு டாலர் சரக்குக்கு வரி 8 ரூபாய். டாலர் 90 ஆனால் வரி 9 ரூபாய். பார்லிமெண்டில் ஒரு வார்த்தை பேசாமலே வரி ஏறிவிட்டது!

இது நியாயமா? ரூபாய் இளைத்ததால் ஏழை வீட்டில் செலவு கூடுகிறது. அந்தச் செலவின் மேல் சர்க்கார் வருமானமும் கூடுகிறது.

ரூபாயைக் கயிறு கட்டி நிறுத்திவைக்கச் சொல்லவில்லை. அது முடியாது. கையிருப்பு டாலரையெல்லாம் அதற்காகக் கொட்டினால் நாளை ஆபத்துக்கு உதவ எதுவும் மிஞ்சாது. நாம் கேட்பது ஒன்றே ஒன்று. டாலர் ஏறியதால் மட்டும் கூடுதலாகக் கிடைத்த வரியை விட்டுக்கொடுங்கள். டாலர் ஏற ஏற, எண்ணெய் மீதான வரி விகிதம் தானாக இறங்கும்படி சட்டம் செய்யுங்கள்.

"வரியைக் குறைத்தால் நம் நாட்டு நிலக்கடலை விவசாயி பாதிக்கப்படுவாரே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் டாலர் ஏறியதுமே வெளிநாட்டு எண்ணெயின் விலை இங்கே ஏறிவிடுகிறது. அதுவே விவசாயிக்கு ஒரு வேலி. கூடுதலாக வந்த வரியை மட்டும் விட்டுக்கொடுத்தால் அந்த வேலி சாயாது.

இது தானமல்ல. அவர்களிடம் வாங்கியதை அவர்களுக்கே திருப்பித் தருவதுதான். டாலரைப் பார்த்தறியாத தாய்மார்கள், டாலருக்காக அதிக வரி கட்ட வேண்டியதில்லை!