தொடர்ச்சியும் தளர்ச்சியும்

வெற்றி பெற்ற கதைக்கு இரண்டாம் பாகம் எழுதுவது எளிது என்று கருதுவோர் உளர். மாந்தர் முன்பே அறிமுகமானவர்கள், களம் ஆயத்தமாக இருக்கிறது, வாசகரும் காத்திருக்கின்றனர். ஆயினும் முதல் நூலைக் காட்டிலும் இரண்டாம் நூலே அரிய முயற்சி என்பது என் துணிபு. இதற்குத் தமிழ் வாசகர் நன்கறிந்த சான்று ஒன்று உண்டு. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வும் அதன் தொடர்ச்சியாகிய ‘மீண்டும் ஜீனோ’வும் 1980களில் ஆனந்த விகடனில் தொடர்கதைகளாக வெளிவந்தவை.

முதல் நூல் 2021ஆம் ஆண்டின் இந்தியாவைக் கற்பனை செய்தது. அங்கே ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சி நடக்கிறது. பெயர் ஈரெழுத்துக்கு மிகலாகாது. பிள்ளை பெறவும் அரசின் இசைவு வேண்டும். கணவன் சிபி காணாமற்போக, நிலா அவனைத் தேடிப் புறப்படுகிறாள். அவளுக்குத் துணை ஜீனோ என்னும் இயந்திர நாய். ‘ஜீவா யார்?’ என்ற வினாவே கதையை இறுதிவரை இழுத்துச் செல்கிறது. அவர் மனிதரே அல்லர், ஒளியால் ஆக்கிய உருவமே என்று வெளிப்படும்போது வாசகர் திடுக்கிடுகிறார். மக்கள் அஞ்சி வணங்கிய பீடம் வெறுமையாக இருந்தது என்னும் உண்மை, நூலை மூடிய பின்னும் நெஞ்சை விட்டு அகலுவதில்லை.

‘மீண்டும் ஜீனோ’வில் நிலா பெயரளவில் அரசி, ஆட்டுவிப்போர் வேறு. ஆனால் அவர்கள் யார் என்பதை வாசகர் முன்பே அறிவார். மறைபொருள் அவிழ்ந்துவிட்டது. வார இதழ்த் தொடரோ ஒவ்வொரு வாரமும் ஓர் அதிர்ச்சியில் முடிய வேண்டும். பெரிய வினா இல்லாதவிடத்துச் சிறிய ஆபத்துகளே அந்தப் பணியைச் செய்கின்றன. விறுவிறுப்பு குறையவில்லை, வியப்புக் குறைந்துவிட்டது. ஜீனோவின் நிலையும் அதுவே. முதல் நூலில் பொம்மை நாய் சிந்திக்கும் துணையாக வளர்வதைக் கண்டு மகிழ்ந்தோம். இரண்டாம் நூலில் அதன் நகைச்சுவையை எதிர்பார்த்தே அமர்கிறோம். எதிர்பார்த்தது கிடைக்கிறது; எதிர்பாராதது கிடைப்பதில்லை.

ஜீனோவை மீண்டும் காண்பதே போதும் என்று மகிழ்ந்த வாசகர் பலர். அம்மகிழ்ச்சியை நான் இகழவில்லை. சுஜாதாவின் நடைத்திறமும் இரண்டாம் நூலில் குன்றிவிடவில்லை. குறை, கதைக்குத் தேவை எங்கிருந்து பிறந்தது என்பதில்தான். வாசகரின் விருப்பத்திலிருந்து பிறந்த தொடர்ச்சி, முதல் நூலின் சுவையையே நாடிச் செல்கிறது. ஷெர்லாக் ஹோம்ஸை 1893இல் கதையில் மடியச் செய்த கோனன் டாயில், 1903இல் அவரைத் திரும்ப அழைத்து வந்ததும் வாசகர் விருப்பத்தின் வலிமைக்குச் சான்றாகும்.

தொடர்ச்சி என்பதே பழுது என்று இதனால் முடிவு செய்யலாகாது. நம் இரட்டைக் காப்பியங்களை நோக்குக. சிலப்பதிகாரத்தின் கதைத் தொடர்பை ஏற்ற சாத்தனார், மதுரையை மற்றொரு முறை எரிக்கவில்லை. மாதவியின் மகளை எடுத்துக்கொண்டு, அவள் கையில் அமுதசுரபியைக் கொடுத்து, பசிப்பிணியை நம்முன் நிறுத்தினார். முன்னது அரச நீதியைப் பற்றிய வினா. பின்னது பசியைப் பற்றிய வினா. இசுலாமியத் தமிழ் இலக்கியத்திலும் இத்தகைய தேவை எழுந்தது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றை முழுமையாகப் பாடி நிறைவு செய்யவில்லை. எஞ்சியதைப் பனீ அகுமது மரைக்காயர் ‘சின்னச் சீறா’வாகப் பாடினார். ஒன்று புதிய வினாவால் பிறந்தது. மற்றொன்று விடுபட்ட பகுதியால் பிறந்தது. இரண்டிற்கும் தேவை பொருளிலேயே இருந்தது.

இன்று திரைப்படங்களும் முடிவைச் சொல்லாமல் இரண்டாம் பாகத்திற்கு வழிவிட்டு நிற்கின்றன. கதை எழுத விழையும் நம் மாணவர்கள் இந்த வேறுபாட்டை உணர்தல் நலம். ‘தொடரும்’ என்று எழுதுமுன், இன்னும் சொல்ல வேண்டியது யாது என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். விடை கிடைத்தால் தயங்காது எழுதுக. கிடைக்காவிடின் ‘முற்றும்’ என்று எழுதவும் துணிவு வேண்டும். முடிய வேண்டிய இடத்தில் முடிந்த கதையே வாசகர் உள்ளத்தில் நெடுநாள் தொடர்கிறது.