இஸ்மேனி எங்கே போனாள்?

போன மாதம் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து சோபோகிளிசின் ‘அன்ரிகனி’யை உரத்து வாசிக்க இருந்தோம். மேடையேற்றமெல்லாம் இல்லை, சும்மா வாசிப்புத்தான். பாத்திரம் பிரிக்கும்போது அன்ரிகனிக்கு மூன்று பேர் கை உயர்த்தினார்கள். கிரியோனுக்கு ரெண்டு பேர். கண் தெரியாத தீர்க்கதரிசிக்குக்கூட ஆள் இருந்தது. இஸ்மேனிக்கு ஒருத்தரும் இல்லை. “அவள் ஒரு பயந்தாங்கொள்ளி, ரெண்டு காட்சியோட போயிடுவாள்” எண்டு எங்களில் ஒருத்தி சொல்ல எல்லாரும் சிரித்தோம். கடைசியில் பிந்தி வந்த ஒருவரின் தலையில் அந்தப் பாத்திரத்தைக் கட்டிவிட்டோம்.

அந்தச் சிரிப்புப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் எடுத்தவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். தீப்ஸ் நகரத்து ஆட்சிக்காக அண்ணன் தம்பி ரெண்டு பேர் சண்டை பிடித்து ரெண்டு பேருமே செத்துப்போகிறார்கள். ஆட்சிக்கு வந்த மாமன் கிரியோன், ஊருக்காகச் சண்டை பிடித்தவனுக்கு மரியாதையோடு அடக்கம், ஊருக்கு எதிராகப் படை கொண்டு வந்தவனின் உடல் வெளியில் கிடந்து நாயும் கழுகும் தின்னட்டும் என்கிறான். புதைக்கிற ஆளுக்குச் சாவு. தங்கை அன்ரிகனி கட்டளையை மீறி அண்ணனுக்கு மண் போடுகிறாள். அவளை உயிரோடு கற்குகையில் அடைக்கிறார்கள். அவள் தூக்கில் தொங்குகிறாள், அவளைக் கட்டவிருந்த கிரியோனின் மகன் சாகிறான், கிரியோனின் மனைவியும் சாகிறாள். கி.மு. 441 அளவில் ஏதென்சில் போட்ட நாடகம்.

இதில் இஸ்மேனி, அன்ரிகனியின் சகோதரி. நாடகமே இவர்கள் ரெண்டு பேரும் விடியமுன் அரண்மனைக்கு வெளியே நின்று குசுகுசுப்பதில்தான் தொடங்குகிறது. வா, சேர்ந்து புதைப்பம் என்கிறாள் அன்ரிகனி. நாங்கள் பெண்கள், ஆட்சியில் இருக்கிறவர்களோடு மோத ஏலாது, செத்தவர்கள் என்னை மன்னிப்பார்கள் என்கிறாள் இஸ்மேனி. பிறகு அன்ரிகனி பிடிபட்டதும் ஓடிவந்து நானும் சேர்ந்துதான் செய்தேன் என்கிறாள். அன்ரிகனி அதை ஏற்கவில்லை. செய்யாததுக்குப் பங்கு கேளாதே என்று தள்ளிவிடுகிறாள். அதோடு இஸ்மேனியை உள்ளே கொண்டுபோகிறார்கள். கொஞ்ச நேரத்தில் கிரியோன் அவளை விட்டுவிடுகிறான். அதுக்குப் பிறகு அவள் மேடைக்கு வருவதே இல்லை. குகைக்குப் போகும் அன்ரிகனி இந்த வம்சத்தில் மிஞ்சியது நான் ஒருத்திதான் என்கிற மாதிரிப் பேசுகிறாள். அக்கா தங்கை என்று ஒருத்தி உள்ளே உயிரோடு இருக்கிறாள், அவள் கணக்கிலேயே இல்லை! கடைசியில் மேடையில் பிணங்கள், கிரியோன் அழுகிறான், திரை. இஸ்மேனி எங்கே போனாள் எண்டு சோபோகிளிஸ் சொல்லவில்லை.

இந்த நாடகத்தை நவீனமாக்குகிறவர்கள் பெரும்பாலும் கிரியோனுக்கு உடுப்பு மாற்றுவதில்தான் நேரத்தைச் செலவழிக்கிறார்கள் என்பது எங்கட குறை. 2012இல் லண்டன் நஷனல் தியேட்டர் போட்ட தயாரிப்பின் காணொளியைப் பார்த்தோம். கிறிஸ்தோபர் எக்கிள்ஸ்ரன் கிரியோன். அரண்மனைக்குப் பதில் நிலவறைபோல ஓர் அலுவலகம், ரைப் கட்டிய அதிகாரிகள். பின்லேடனைக் கொன்ற இரவில் ஒபாமாவும் ஆட்களும் ஒரு திரையைப் பார்த்துக்கொண்டு இருந்த புகைப்படத்தை நினைவுபடுத்துகிற மாதிரித்தான் தொடக்கமே. நடிப்பில் குறை சொல்ல ஏலாது. ஆனால் பார்த்து முடித்தபோது எங்களுக்கு ஒருவிதமான நிம்மதிதான் வந்தது. அந்தக் கெட்டவர்கள் அங்கே, நாங்கள் இங்கே. இங்கேயும் யாராவது கிரியோனுக்கு ஒரு குரக்கன் சால்வையைப் போட்டுவிட்டால் முதற் காட்சியிலேயே கைதட்டு விழும். கைதட்டிவிட்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போகலாம்.

உடுப்பு மாற்றுவது பிழை என்று சொல்லவில்லை. 1944 பெப்ரவரியில், ஜேர்மனியர் பிடித்து வைத்திருந்த பாரிசில், ஜோன் அனுய்யின் ‘அன்ரிகனி’ இரவு உடுப்பும் நவீன கோட்டுமாக மேடையேறியது. ஜேர்மன் தணிக்கையைத் தாண்டித்தான் வந்தது. அதன் கிரியோன் நிதானமாக, நியாயம்போல வாதாடுகிறான். எதிர்ப்பு இயக்கத்தின் பக்கம் நின்றவர்கள் அன்ரிகனியின் ‘மாட்டேன்’ஐக் கேட்டார்கள், மற்றவர்கள் கிரியோனின் பக்கத்து நியாயத்தைக் கேட்டார்கள். இந்த நாடகம் யார் பக்கம் எண்டு இண்டைக்கும் சண்டை பிடிக்கிறார்கள். சண்டை பிடிக்க வைக்கிற நாடகம் நல்லதுதான்.

‘தீவு’ இன்னொரு விதம். அதொல் ஃபியூகார்ட், ஜோன் கனி, வின்ஸ்ரன் இன்ற்ஷோனா மூன்று பேரும் சேர்ந்து ஆக்கி 1973இல் கேப்ரவுனில் போட்டது. றொபன் தீவுச் சிறையில் ஒரே கூட்டுக்குள் இருக்கும் ரெண்டு கைதிகள் சிறைக் கலைநிகழ்ச்சிக்கு அன்ரிகனியின் விசாரணைக் காட்சியை ஒத்திகை பார்க்கிறார்கள். பொம்பிளை வேசம் போட மாட்டேன், எல்லாரும் சிரிப்பான்கள் எண்டு வின்ஸ்ரன் அடம்பிடிப்பது சரியான பகிடி. கடைசியில் அவனே பொய்த்தலைமயிரைக் கழற்றிவிட்டுத் தன் சொந்தக் குரலில் பேசும்போது பகிடி நின்றுவிடுகிறது. (நிஜமான றொபன் தீவிலும் கைதிகள் அன்ரிகனி போட்டிருக்கிறார்கள். மண்டேலா அதில் கிரியோனாக நடித்ததைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.) இந்த நாடகத்தில் இஸ்மேனி இல்லை. அவள் பார்வையாளர் கதிரையில் இருக்கிறாள் என்றுதான் நாங்கள் விளங்கிக்கொண்டோம்.

இஸ்மேனியை விடாமல் பிடித்தவர்களில் ஒருவர் பிரெக்ற். 1948இல் சுவிற்சர்லாந்தின் கூர் நகரத்தில் போட்ட அவருடைய ‘அன்ரிகனி’, தீப்சில் தொடங்கவில்லை. 1945 பேர்லினில் தொடங்குகிறது. குண்டுவீச்சுக்கு ஒளித்திருந்த ரெண்டு சகோதரிகள் விடிய வீட்டுக்கு வருகிறார்கள். போர்முனையில் இருந்து தம்பி தப்பி வந்ததற்கு அடையாளம் இருக்கிறது. வெளியில் அலறல் கேட்கிறது. போய்ப் பார்க்கவில்லை. பிறகு பார்த்தால் அவன் வாசலில் தொங்குகிறான். எஸ்.எஸ். ஆள் வந்து இவனைத் தெரியுமா எண்டு கேட்க, ஒருத்தி தெரியாது என்கிறாள். மற்றவள் கயிற்றை அறுக்கக் கத்தியோடு நிற்கிறாள். அறுத்தாளா என்று நாடகம் சொல்லாமல் தீப்சுக்குப் போய்விடுகிறது. ஜேர்மனியருக்கு ஜேர்மனியர் எழுதின காட்சி இது என்பதை மறக்கக்கூடாது. ஹிற்லர் வேசத்தில் ஒருத்தரை நிறுத்துவது பிரெக்ற்றுக்குக் கஷ்டமான வேலை இல்லை. தெரியாது எண்டு சொன்னவளை அவர் முன்னுக்குக் கொண்டுவந்தார்.

எங்களை உண்மையில் உலுக்கியது பெருவில் இருந்து வந்த ஒன்று. கவிஞர் ஹொசே வத்தனபே எழுத, லீமாவின் யுயாச்கனி குழு 2000இல் மேடையேற்றிய ‘அன்ரிகனி’. ஸ்பானிய மொழி எங்களுக்குத் தெரியாது, ஆங்கிலப் பிரதியைத்தான் வாசித்தோம். மேடையில் ஒரே ஒரு நடிகை, தெரேசா ரல்லி. ஒரு கதிரை. அவரே அன்ரிகனி, கிரியோன், காவலாளி எல்லாம். இடையிடையே ஒரு கதைசொல்லியாகவும் வருகிறார். யார் இந்தக் கதைசொல்லி என்று நாங்கள் யோசிக்கவேயில்லை, ஊர்க்காரி யாரோ என்று விட்டுவிட்டோம். கடைசியில்தான் தெரிகிறது, இவ்வளவு நேரமும் கதை சொன்னது இஸ்மேனி. அன்று பயத்தில் கை கொடுக்காதவள், உயிர் தப்பினவள், எல்லாம் முடிந்த பிறகு தனியே நின்று அண்ணனுக்கான சடங்கைச் செய்கிறாள். பிந்திப்போன சடங்கு. சோபோகிளிஸ் பதில் சொல்லாமல் விட்ட கேள்விக்கு இவர்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள். அவள் எங்கேயும் போகவில்லை, கதையைச் சுமந்துகொண்டு இருந்தாள்.

இதைத் தயாரிக்கும்போது ரல்லி, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரையும் சகோதரிகளையும் மனைவிமாரையும் கூப்பிட்டு அவர்கள் பேசக் கேட்டிருக்கிறார். அவர்களின் கையசைவுகள் நடிப்பிலும் வந்திருக்கின்றன. 1980 தொடக்கம் 2000 வரை ‘ஒளிரும் பாதை’ இயக்கத்துக்கும் அரசுக்கும் இடையில் அங்கே நடந்த யுத்தத்தில் ஏறத்தாழ 70,000 பேர் செத்தும் காணாமலும் போனார்கள் என்று உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2003இல் சொன்னது. அவர்களில் நாலில் மூன்று பங்கினர் கெச்சுவா போன்ற பூர்வீக மொழிகள் பேசிய மலைநாட்டு, காட்டோர மக்கள். தலைநகரத்தில் இருந்த பலருக்கு அது எங்கேயோ நடந்த விசயம். அந்தத் தலைநகரத்தில்தான் இந்த இஸ்மேனி எழுந்து நின்றாள்.

இங்கே ஒரு தமிழ்க் குழு அன்ரிகனி போட்டால் என்ன நடக்கும் எண்டு எங்களுக்குத் தெரியும். எங்கட அம்மாமார் 2017இல் இருந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வீதியோரம் பிள்ளைகளின் படத்தோடு இருக்கிறார்கள். துயிலுமில்லங்களை இடித்தார்கள். நினைவுகூரப் போனவர்களைத் தடுத்தார்கள். அன்ரிகனி நாங்கள்தான் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இருக்கிறது, அதில் ஒரு சொல்லையும் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

ஆனால் 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேணும் என்று வர்த்தமானி வந்தது. புதைக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியும் 2021 பெப்ரவரி கடைசிவரை முஸ்லிம் குடும்பங்களின் உடல்களை அவர்கள் விருப்பத்துக்கு மாறாக எரித்தார்கள். பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையையும் எரித்தார்கள். உடலைப் புதைக்க விடாத அரச கட்டளை! இதைவிட நேராக அன்ரிகனி ஒரு நாட்டில் நடக்க முடியாது. அப்ப நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தோம். பொரளை மயான வாசலில் வெள்ளைத் துணி கட்டிய படங்களை ஃபோனில் பார்த்தோம், கவலை முகம் ஒன்றைப் போட்டோம், அடுத்த பதிவுக்குப் போனோம். பொத்துவிலில் இருந்து பொலிகண்டிவரை நடந்தவர்கள் இதையும் தங்கள் கோரிக்கையில் சேர்த்தார்கள், அதை மறுக்கவில்லை. நாங்கள் சொல்வது எங்களைப்பற்றி. “இப்ப எங்களால என்ன செய்யேலும்?” எண்டு வீட்டில் சொன்னது அப்படியே இஸ்மேனியின் வசனம்.

1990 ஒக்ரோபரும் இருக்கிறது. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ரெண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள் புலிகள். அந்தக் கதை வரும்போது எங்கட வீடுகளில் சத்தம் குறையும், கதை மாறும். பக்கத்து வீட்டுக்காரர் போவதை மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் இப்ப எங்கட அம்மம்மாமார், பெரியப்பாமார். அவர்களைக் கோழைகள் என்று எழுத எங்களுக்கு வாய் வரவில்லை. அண்டைக்கு எதிர்த்துக் கதைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்றும் தெரியும். ஆனால் அந்த மதிலடியை எந்த நாடகத்தில் வைப்பது?

வாசிப்புக்கு வந்த ஒருத்தி இதை எதிர்த்தாள். அவளுடைய வாதம் இது: பேசாமல் இருந்தவர்களுக்கு மேடையின் நடுவில் இடம் கொடுத்தால் செத்தவர்கள் திரும்பவும் ஓரத்துக்குப் போவார்கள், பார்க்கிறவர்கள் இஸ்மேனியோடு சேர்ந்து அழுதுவிட்டுத் தங்களை மன்னித்துக்கொள்வார்கள். இதற்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை. வத்தனபேயின் பிரதியில் இஸ்மேனி கிட்டத்தட்ட முழுநேரமும் தன்னைப்பற்றிக் கதைக்கவில்லை, மற்றவர்களின் கதையைத்தான் சொல்கிறாள் என்பது ஒரு பாதிப் பதில். யுத்தகாலத்தில் தர்மசிறி பண்டாரநாயக்க சிங்களத்தில் போட்ட ‘ட்ரோஜன் காந்தாவோ’வையும் நாங்கள் யோசித்தோம். தோற்ற நகரத்துப் பெண்களின் அழுகையைச் சிங்களப் பார்வையாளருக்கு முன்னால் வைத்தது அது. தன் ஆட்களைச் சொகுசாக இருக்க விடாத வேலை. எங்கட ஆட்களுக்கு முன்னால் நாங்கள் எதை வைக்கப்போகிறோம்?

அடுத்த மாதம் வாசிப்புக்குப் பதிலாக ரெண்டு காட்சியாவது எழுந்து நின்று செய்து பார்க்கலாம் என்று இருக்கிறோம். சோபோகிளிசின் பிரதியில் ஒரு வரியும் மாற்றுவதில்லை. ஒன்றே ஒன்று, உள்ளே கொண்டுபோன பிறகு இஸ்மேனி மேடையை விட்டுப் போகமாட்டாள். ஒரு கதிரையில் கடைசிவரை இருப்பாள், வசனம் இல்லாமல். கதிரையைப் பார்வையாளருக்கு முகம் காட்டி வைப்பதா, முதுகு காட்டி அவர்களோடு சேர்ந்து பார்க்கிற மாதிரி வைப்பதா என்பதில் இன்னும் இழுபறி. யார் அந்தக் கதிரையில் இருப்பது என்பதிலும்தான். இந்தமுறை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.