ஒரு சொல்லும் 56 ஆண்டுகளும்

நான்காம் நூற்றாண்டின் கடைசியில் கான்ஸ்டான்டிநோபிள் நகரத்துக் கடைத்தெரு எப்படி இருந்தது என்று நிஸ்ஸா ஊர் பிஷப் கிரகோரி ஒரு பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். சில்லறை கேட்டால் கடைக்காரர் தத்துவம் பேசுகிறாராம். ரொட்டி விலை விசாரித்தால், பிதா பெரியவர், குமாரன் அவருக்குக் கீழ் என்று பதில் வருகிறதாம். அவர் இதைக் கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் ரொட்டிக் கடை வரைக்கும் ஒரு இறையியல் சண்டை வந்திருக்கிறது என்றால், அதில் சாதாரண ஜனங்களுக்கும் ஏதோ பெரிய விஷயம் இருந்திருக்க வேண்டும் அல்லவா?

இன்று தேவாலயங்களில் நிசேயா விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் போதும். சொல்பவர்களில் பலருக்கு அதன் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவருக்குச் சொன்ன பதில் என்பது தெரியாது. கேள்விகளைக் கிழித்துவிட்டு விடைகளை மட்டும் பத்திரப்படுத்திய பரீட்சைப் பேப்பர் மாதிரி அது.

சரி, கிழிந்துபோன கேள்வி என்ன?

318ஆம் ஆண்டு வாக்கில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் தொடங்கியது அது. ஆரியஸ் என்பவர் அங்கே சபை மூப்பர் (தமிழ்நாட்டு 'ஆரியர்' பேச்சுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை). தொடக்கமில்லாதவர் பிதா ஒருவரே. குமாரன் எல்லாப் படைப்புக்கும் மேலானவர், ஆனாலும் அவருக்கும் ஒரு தொடக்கம் உண்டு என்றார் ஆரியஸ். பைபிளை வைத்துத்தான் பேசினார். நீதிமொழிகள் 8ஆம் அதிகாரமும் யோவான் 14:28உம் அவர் தரப்புக்கு உதவின. மாலுமிகளும் மாவு அரைப்பவர்களும் பாடும்படி தன் கருத்தைப் பாட்டாகவும் கட்டினார் என்று பழைய சரித்திரக் குறிப்பு உண்டு.

அவருடைய பிஷப் அலெக்சாந்தர் இதை மறுத்தார். பின்னால் அத்தனாசியஸ் அந்த மறுப்பை விரிவாக எழுதினார். சபை குமாரனை நோக்கி ஜெபிக்கிறது, அவர் பெயரில் ஞானஸ்நானம் கொடுக்கிறது. அவர் படைக்கப்பட்டவர் என்றால் இதெல்லாம் படைப்பை வணங்குவதாகிவிடாதா? ஒரு படைப்பு இன்னொரு படைப்பை எப்படி இரட்சிக்கும்? ரொட்டிக் கடைக்காரருக்கும் இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் இதுதான். அவர் யாரை வணங்குகிறார் என்பதே கேள்வியாகிவிட்டது.

325இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் நிசேயாவில் (இன்றைய துருக்கியின் இஸ்னிக்) பிஷப்புகளைக் கூட்டினார். வந்தவர்கள் 318 பேர் என்பது மரபு. 200 முதல் 300 பேர் வரை இருக்கலாம் என்பது இன்றைய ஆய்வாளர்கள் கணிப்பு. 2003இல் வந்த 'டா வின்சி கோட்' நாவலைப் படித்தவர்கள், அங்கே ஓட்டெடுப்பு நடந்து நூலிழையில் இயேசு கடவுளாக்கப்பட்டார் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். உண்மை அப்படியில்லை. கடைசி வரை கையெழுத்துப் போட மறுத்த பிஷப்புகள் இரண்டே பேர். மேலும், குமாரன் தெய்வீகமானவர் என்பதை ஆரியஸும் ஒரு பொருளில் ஏற்றவர்தான். எந்தப் பொருளில் என்பதே சண்டை.

அங்கே பிரமாணத்தில் நுழைந்த சொல்தான் ஹோமோஊசியோஸ். பிதாவும் குமாரனும் ஒரே உள்ளியல்பு உடையவர்கள் என்று பொருள். ஆரியஸ் தரப்பு எப்படியும் ஏற்க முடியாத சொல் என்பதே அதன் பலம். ஆனால் அந்தச் சொல் பைபிளில் இல்லை. போதாக்குறைக்கு, அந்தியோக்கியாவில் 268இல் சமோசாட்டா பவுலுக்கு எதிராகக் கூடிய சங்கம் அதே சொல்லை நிராகரித்திருந்தது! செசரியா பிஷப் யூசேபியஸ் கையெழுத்துப் போட்ட கையோடு, அந்தச் சொல்லைத் தான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று தன் சபைக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டி வந்தது. மறுத்த இருவரையும் ஆரியஸையும் பேரரசர் நாடு கடத்தினார்.

அத்தோடு முடிந்ததா? இல்லை. உண்மையான சண்டை அப்புறம்தான் ஆரம்பம்.

சில ஆண்டுகளில் கான்ஸ்டன்டைன் மனம் மாறினார். 337இல் மரணப் படுக்கையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் நிக்கொமேதியா யூசேபியஸ். ஆரியஸின் ஆதரவாளர், ஒருமுறை கான்ஸ்டன்டைனே நாடு கடத்திய ஆள். மகன் கான்ஸ்டான்டியஸ் காலத்தில் சங்கத்துக்கு மேல் சங்கம் கூடி, பிரமாணத்துக்கு மேல் பிரமாணம் எழுதியது. 357இல் சிர்மியத்தில் எழுதப்பட்ட அறிக்கை, அந்தச் சர்ச்சைக்குரிய சொல்லையே யாரும் பயன்படுத்த வேண்டாம் என்றது. அத்தனாசியஸ் நான்கு பேரரசர்கள் காலத்தில் ஐந்து முறை துரத்தப்பட்டு, ஏறக்குறைய 17 ஆண்டுகளை வெளியில் கழித்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ராஜாவின் பலம் ஒரே பக்கம் இருந்திருந்தால், 'ராஜா சொன்னார், சபை தலையாட்டியது' என்று சுலபமாக முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பலம் இரண்டு பக்கமும் மாறி மாறி நின்றது. நாடு கடத்துவதால் ஒரு கருத்து தோற்கும் என்றால் ஹோமோஊசியோஸ் 360லேயே செத்திருக்க வேண்டும்.

அப்படியானால் எது உதவியது? 362இல் அலெக்சாந்திரியாவில் நடந்த ஒரு சின்னக் கூட்டம். நாடு திரும்பிய அத்தனாசியஸ் நடத்தியது. கடவுளில் மூன்று 'ஹிப்போஸ்டாசிஸ்' என்று ஒரு கூட்டம் சொன்னது, ஒன்றே என்று இன்னொரு கூட்டம் சொன்னது. முதல் கூட்டத்தை ஆரியஸின் ஆட்கள் என்று சந்தேகித்தார்கள். இரண்டாவது கூட்டத்துக்கு பிதாவும் குமாரனும் ஒரே ஆள் என்று சொல்வதாகக் கெட்ட பெயர். அந்தக் கூட்டத்தில் இரு தரப்பையும் கூப்பிட்டு, 'இந்தச் சொல்லுக்கு நீங்கள் வைத்திருக்கும் பொருள் என்ன?' என்று கேட்டார்கள். கேட்டதும் தெரிந்தது, முதல் தரப்பு அதை 'ஆள்' என்ற பொருளிலும் மற்றது 'உள்ளியல்பு' என்ற பொருளிலும் பயன்படுத்தியிருக்கிறது. அத்தனை வருடமும் ஒருவரையொருவர் மதத்துரோகி என்று திட்டியவர்கள் கிட்டத்தட்ட ஒன்றையே சொல்லியிருக்கிறார்கள்!

325இன் பிரமாணமே அந்த இரண்டு சொற்களையும் ஒரே பொருள் உள்ளவை போலத்தான் கையாண்டது. பின்னால் பேசில், அவர் தம்பி நிஸ்ஸா கிரகோரி, நண்பர் நசியான்சு கிரகோரி ஆகியோர் இரண்டையும் பிரித்து, உள்ளியல்பு ஒன்று, ஆள்கள் மூவர் என்று தெளிவுபடுத்தினார்கள். 381 கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தோடு இணைத்துச் சொல்லப்படும், இன்று ஓதப்படும் பிரமாணம் இந்தத் தெளிவுக்குப் பிறகு வந்தது. பரிசுத்த ஆவியைப் பற்றிய பகுதியில் ஹோமோஊசியோஸ் என்ற சொல்லை அது போடவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். பிதாவோடும் குமாரனோடும் சேர்த்து வணங்கப்படுகிறவர் என்ற கருத்தோடு நிறுத்திக்கொண்டது. ஒரு சொல்லுக்காக 56 ஆண்டுகள் அடித்துக்கொண்டவர்கள் கற்ற பாடம் என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் பாடத்தை முழுதாகக் கற்கவில்லை. 380இல் பேரரசர் தியோடோசியஸ் இந்த விசுவாசத்தையே குடிமக்கள் எல்லோரும் ஏற்க வேண்டும் என்று ஆணையிட்டார். தலைநகரின் பிஷப் டெமோஃபிலஸ் ஏற்க மறுத்ததால் தேவாலயங்களைவிட்டு வெளியேற்றப்பட்டார். கேட்டு, யோசித்து, பிரித்துப் பார்த்து அடைந்த ஒரு தெளிவு, அடுத்தவரைத் துரத்தும் கருவியாகவும் ஆனது.

ஆகவே, பிரமாணம் வானத்திலிருந்து அப்படியே விழுந்தது என்பதும் தவறு, ஒரு ராஜா தன் வசதிக்காகத் தயாரித்தார் என்பதும் தவறு. இரண்டு பேச்சுமே அந்த 56 ஆண்டுகளைக் கணக்கில் விட்டுவிடுகின்றன. அதில் உறுதியாக நிற்கும் பகுதி வாதத்தால் வந்தது. அதன் பெயரால் நடந்த கொடுமை அதிகாரத்தால் வந்தது. விசுவாசிகள் இரண்டாவதை மறைக்க வேண்டியதில்லை, விசுவாசம் இல்லாதவர்கள் முதலாவதை மறுக்க வேண்டியதில்லை.

2025இல் நிசேயா சங்கத்துக்கு 1700 ஆண்டுகள் நிறைந்தன. அங்கே எழுதப்பட்ட சொல்லைப் பலரும் நினைவுகூர்ந்தார்கள். 362இல் கேட்கப்பட்ட அந்தக் கேள்வியையும் யாராவது நினைவுகூர்ந்தால் நல்லது. மதச் சண்டைக்கு மட்டுமல்ல, எந்தச் சண்டைக்கும் அது பொருந்தும்: 'இந்தச் சொல்லுக்கு நீங்கள் வைத்திருக்கும் பொருள் என்ன?'