வரைந்தால் கலை, தைத்தால் கைவேலையா?

பலதுறைத் தொழிற்கல்லூரியில் வடிவமைப்புப் படிக்கிறேன். கடந்த செப்டம்பர் விடுமுறையில் ஓர் ஒட்டுத்துணிப் போர்வை தைக்க ஆசைப்பட்டேன். ‘குவில்ட்’ என்பார்களே, அதுதான். கருப்பொருள், ரிப்பன் முடிச்சு. அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் ‘போ’ என்று வருகிறது. யாரையோ விரட்டுவதுபோல் இருப்பதால் முடிச்சு என்றே சொல்கிறேன். தொடக்கப்பள்ளி நாள்களில் அம்மா என் இரட்டைச் சடையில் கட்டிவிட்ட அதே முடிச்சு.

மடிக்கணினியில் ஒரு மணி நேரத்தில் வரைந்துவிட்டேன். ஒரு கட்டத்துக்கு நான்கு சதுரங்கள். எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டும் முடிச்சின் இரு பக்கங்கள், மற்ற இரண்டும் பின்னணி. பின்னணிச் சதுரங்கள் நடுவில் சந்திக்கும் மூலைகளில் முடிச்சின் நிறத்தில் சிறு முக்கோணம் வைத்தால், இறுக்கிக் கட்டிய நடுப்பகுதி வந்துவிடும். 6 அங்குலக் கட்டங்கள், அகலத்தில் 8, நீளத்தில் 10. மொத்தம் 320 சதுரங்கள்.

எல்லாவற்றையும் வெட்டி, முதல் வரிசையைத் தைத்து அளந்தால் 3 சென்டிமீட்டர் குறைந்தது! தையலுக்கு விட வேண்டியது கால் அங்குலம். நான் 1 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டிருக்கிறேன். ஒவ்வோர் இணைப்பிலும் இரு பக்கமும் சேர்த்து 2 மில்லிமீட்டர் போகும். 16 சதுரங்களுக்கு 15 இணைப்புகள். கணக்கு சரிதான், நான்தான் போடவில்லை.

அம்மா எட்டிப் பார்த்தார். “ஊசியிலேர்ந்து கால் அங்குலம் அளந்து மெஷின்ல ஒரு டேப் ஒட்டுமா. ரெண்டு கட்டம் தைச்சு அளந்து பாத்துட்டு மத்தத வெட்டணும். எடுத்த உடனே எல்லாத்தையுமா வெட்டுவாங்க?” பிறகு சற்றுத் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கினார். “ஆரஞ்சு மேல ரோஸ் வச்சிருக்க. முடிச்சே தெரியலையே.”

நானும் கண்ணைச் சுருக்கினேன். உண்மைதான். இரண்டு நிறமும் ஒரே அழுத்தத்தில் ஒன்றோடொன்று கரைந்துவிட்டன. வகுப்பில் இதற்குப் பெயர் உண்டு, நான் தேர்விலும் எழுதியிருக்கிறேன். அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வீட்டிலேயே சேலை ரவிக்கை தைக்கிறார், அவ்வளவுதான்.

ஆனால் பள்ளிப் படிவங்களில் அம்மாவின் வேலை என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்றே எழுதிவந்தேன். அப்படி எழுதச் சொன்னவர் அம்மா. எனக்கும் அது வசதியாக இருந்தது. என் பள்ளிக் கட்டணத்தில் பாதி அந்த மெஷினிலிருந்து வந்தது.

திரையில் வரைபவரை வடிவமைப்பாளர் என்கிறோம், தைப்பவரைக் கூலிக்கு வேலை செய்பவர் என்கிறோம். இந்தப் பிரிவினையே தவறு என்பது என் வாதம். 1942இல் சாங்கி சிறையில் அடைபட்ட பெண்கள் மூன்று போர்வைகள் செய்தார்கள், ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். ஆளுக்கொரு துணித்துண்டில் தன் படத்தைத் தானே யோசித்து, தானே தைத்து, பெயரும் போட்டாள். வேறிடத்தில் அடைபட்டிருந்த கணவர்களுக்கு, ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று சொல்ல அந்தப் பெயர் போதும். அதில் வடிவமைப்பாளர் யார், தையல்காரி யார் என்று பிரிக்க முடியுமா?

“படிக்கிற பிள்ளைக்கு ஊசி எதுக்கு?” என்று கேட்கும் வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. நீங்கள் வடிவமைப்புப் படிப்பவராக இருந்தால், தேக்கா சந்தையின் மேல்மாடியில் தைப்பவர்கள் துணியை எப்படி மடித்து வெட்டுகிறார்கள் என்று ஒருநாள் நின்று பாருங்கள். அனுமதி கேட்டுவிட்டு!

என் போர்வைக்கு இன்னும் ஓரம் கட்டவில்லை. பட்டையைக் குறுக்கு வாக்கில் வெட்ட வேண்டும் என்கிறார் அம்மா. விளிம்பு நேர்தானே, நேராக வெட்டினால் போதும் என்கிறேன் நான். இந்த ஒன்றிலாவது நான் ஜெயிப்பேன் என்று நினைக்கிறேன்.